மலைக்கு விட்ட வழி

தொலைக்காட்சியில் எரிமலைக் குழம்பு ஊர்ந்து வருவதைக் காட்டும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரே கேள்விதான் எழும். "இவ்வளவு ஆபத்தான இடத்துல எதுக்குக் கிடக்காங்க? வேற எடமா இல்ல?" சின்னப் பிள்ளைகள் கேட்டால் சரி. எழுபது வயது தாண்டிய என் கூட்டாளிகளும் இதையே கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது காரைக்காலில் என்பது இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியும். மயிலாடி மனைவியின் ஊர். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். லுவார், ரோன் நதிகளின் கிளைகளை வரிசையாக ஒப்புவிப்போம். வாசலில் ஓடும் அரசலாறு எந்தப் பாடத்திலும் வராது. அந்தப் பூகோளப் புத்தகத்தில்தான் இந்தியப் பெருங்கடலில் ஒரு புள்ளியாக ரெயூனியோன் தீவைப் பார்த்தேன். எங்கள் பாட்டிமார் அதை பூர்போன் என்பார்கள், அதன் பழைய பெயர் அது. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1861இல் பிரெஞ்சு அரசும் ஆங்கில அரசும் உடன்படிக்கை செய்துகொண்டதால் ஆங்கிலேயர் பகுதி ஜனங்களும் போனார்கள். 1882இல் ஆங்கில அரசு அதை நிறுத்தியது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களுடைய வம்சத்தை அங்கே 'மல்பார்' என்கிறார்கள். மலபாருக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. மாரியம்மனுக்குத் திருவிழா, காவடி, தீமிதி எல்லாம் இன்றும் நடக்கின்றன. எரிமலைத் தீவில் இருந்துகொண்டு தீக்குழி வேறு இறங்குகிறார்களே என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த எரிமலையின் பெயர் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். 'சூளைச் சிகரம்' என்று தமிழில் சொல்லலாம். உயரம் 2,632 மீட்டர். உலகத்தில் அடிக்கடி பொங்குகிற எரிமலைகளில் ஒன்று; 17ஆம் நூற்றாண்டிலிருந்து 150 தடவைக்கு மேல் பொங்கியிருக்கிறது. ஆனால் படங்களில் வருவதுபோல் வெடித்துச் சிதறுவது இதில் அபூர்வம். பூமி பிளக்கும், குழம்பு பீறிடும், பிறகு சரிவில் இறங்கும். சுமார் 1,100 டிகிரி சூடு. பிளவின் வாயில் வேகமாகப் பாயும். சரிவு குறைந்து ஊர்ப்பக்கம் வந்துசேரும்போது பெரும்பாலும் ஆள் நடக்கிற வேகம்கூட இருக்காது. மேலே கறுத்து இறுகிய ஓடு, உள்ளே செந்நெருப்பு. ஓடு உடைந்து உருண்டு விழும் சத்தம் கண்ணாடிச் சில்லுகளைக் கூடையிலிருந்து கொட்டுவதுபோல் இருக்குமாம்.

'இருக்குமாம்' என்று எழுதக் காரணம் உண்டு. நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை. 1980களில் ஒரு பள்ளி ஆசிரியர், தமிழ் வம்சம், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, தன் முப்பாட்டனார் ஊரைத் தேடி காரைக்கால் வந்தார். நான் வேலை பார்த்தது நிலப் பதிவேட்டுப் பிரிவு. பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகளை வாசிக்க ஆள் குறைந்துபோன சமயம், அதனால் என்னிடம் அனுப்பிவைத்தார்கள். ஊர் கிடைக்கவில்லை. சிநேகம் கிடைத்தது. கடைசிவரை கடிதம் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் வாயிலாகத்தான் 1977 கதை எனக்குத் தெரியும்.

அந்த வருடம் ஏப்ரலில் குழம்பு வழக்கமான இடத்தை விட்டு வெளியே வந்தது. பித்தோன் சேந்த் ரோஸ் என்ற கிழக்குக் கரைக் கிராமத்தை நோக்கி இறங்கியது. சுமார் 2,500 பேரை அப்புறப்படுத்தினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. நண்பரின் அத்தை வீடு அதில் ஒன்று. கட்டில், பாத்திரம், கோழிக்கூண்டு என்று எடுத்ததுபோக நேரம் இருந்ததாம். கதவையும் ஜன்னலையும் கழற்றி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். பிறகு எதிர்மேட்டில் நின்று வீடு எரிவதைப் பார்த்திருக்கிறார்கள். "வெள்ளம் என்றால் திட்டலாம், புயல் என்றால் ஓடலாம். இது நம்மை உட்காரவைத்துக் காட்டிக்கொண்டே செய்கிறது" என்று அத்தை சொன்னாராம். மெதுவாக வருகிற ஆபத்தின் கொடுமை இது. நல்லதும் இதில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் நம் ஜனத்துக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

அந்தக் கிராமத்து மாதா கோவில் வாசலுக்கும் குழம்பு வந்தது. இரண்டாகப் பிரிந்து கோவிலைச் சுற்றிக்கொண்டு போனது. முன்கதவு வழியே கொஞ்சம் உள்ளே புகுந்து நின்றுவிட்டது. கட்டடம் தப்பியது. இன்று அந்தக் கோவிலுக்கு 'எரிமலைக் குழம்பின் மாதா' என்று பெயர். பக்தர்கள் அற்புதம் என்கிறார்கள். 1809இல் ரிங்கல்தௌபே ஐயர் கட்டிய ஆலயம் உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் அதை மறுத்துப் பேசப்போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு அரசாங்கம் செய்த காரியம். இரண்டு மூன்று வருடத்துக்குள் மலைமேல் பூர் முரா என்ற இடத்தில் எரிமலை ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவிவிட்டார்கள். பூமிக்குள் சலனம் தொடங்கியதும் கருவிகள் சொல்லிவிடும். பெரும்பாலும் குழம்பு வெளியே வருவதற்கு முன்பே தகவல் போய்விடும், மலைப்பாதைக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பிறகு தீவே காரை எடுத்துக்கொண்டு, சோறும் 'கரி'யும் கட்டிக்கொண்டு (நம் கறிதான்), சாலை ஓரத்தில் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுமாம்.

மலையைச் சுற்றி லாடம் மாதிரி ஒரு பெரிய பள்ளம், செங்குத்தான சுவர்களோடு, கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அதற்குப் பெயர் 'ஆங்க்ளோ', பிரெஞ்சில் 'அடைப்பு' என்று அர்த்தம். மலை பொங்கினால் பெரும்பாலும் இந்த அடைப்புக்குள்தான் பொங்கும். அடைப்பின் கீழ்ச்சரிவுக்கு 'பெரிய எரிந்த நிலம்' என்று பெயர். அங்கே வீடு கிடையாது. சர்க்கரைக்கும் வனிலாவுக்கும் துண்டு நிலம் விடாமல் உழுத தீவு அது. ஆனாலும் அந்தச் சரிவு மலையினுடையது என்று விட்டிருக்கிறார்கள். அதன் குறுக்கே ஒரு நெடுஞ்சாலை மட்டும் போகிறது. குழம்பு வந்து மூடும், ஆறியதும் மேலேயே சாலை போடுவார்கள். 2007 ஏப்ரலில் வந்ததுதான் பெரியது: உச்சியில் இருந்த பள்ளமே 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது, கடலில் குழம்பு கொட்டி ஆழ்கடல் மீன்களெல்லாம் செத்து மிதந்தன. சாலை திரும்பப் போட்ட பிறகும் வருடக்கணக்கில் மழை பெய்தால் அந்த இடத்தில் ஆவி கிளம்பியது.

சாலை ஓரத்தில் ஒவ்வொரு குழம்பு ஓடிய இடத்திலும் ஒரு பலகை நிற்கிறது. அதில் வருடம் மட்டும். நண்பர் அனுப்பிய போட்டோக்களில் பார்த்திருக்கிறேன். 1977 ஓடியதன் மேல் பெரணி முளைத்துச் செடியாகிவிட்டது. புதியதன் மேல் சாம்பல் நிறப் பாசி மட்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பஸ் ஜன்னல் வழியாகத் தினமும் அதை வாசித்துக்கொண்டே போகிறது.

உடனே புண்ணியபூமி என்று நினைத்துவிடாதீர்கள். அடைப்பை விட்டு 1977இல் வந்ததுபோல் 1986லும் வெளியே வந்தது, சேன் ஃபிலிப் பக்கம் வீடுகளை அழித்தது. மலை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் பொதுவாக எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்த இடத்தில் யாருக்கும் மனை விற்கவில்லை.

1986இல் கடலுக்குள் போன குழம்பு சுமார் 25 ஹெக்டேர் புது நிலத்தை உண்டாக்கியது. பழைய எழுத்தர் புத்தி எனக்குப் போகாது. பட்டா யார் பேரில் என்று நண்பருக்கு எழுதிக் கேட்டேன். பிரெஞ்சுச் சட்டப்படி கடலோரத்தில் புதிதாகச் சேரும் நிலம் அரசுக்கு. ஹவாய்த் தீவிலும் இப்படியொரு வழக்கு நடந்தது: 1955இல் எரிமலையால் சேர்ந்த 7.9 ஏக்கரைப் பக்கத்து நிலக்காரர் தனது என்றார், 1977இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அரசுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. மலை போட்ட நிலத்துக்கும் பத்திரம் தேடுகிற ஜாதி மனித ஜாதி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இங்கே எரிமலை இல்லை. நம் சிற்பிகள் உளி வைக்கிற கல் 50 கோடி ஆண்டுக்கும் மூத்தது, ஆறி அடங்கியது. நமக்கு வருவது தண்ணீர். கன்னியாகுமரி மாவட்டத்தில் 2,000க்கும் மேல் குளம் என்று பெருமையாகச் சொல்வோம். அதில் எத்தனை பேருந்து நிலையமாகவும் அலுவலகமாகவும் வீட்டு மனையாகவும் ஆகிவிட்டன என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். நாமே மண் லாரி போனதைப் பார்த்தவர்கள்தானே. 2021 நவம்பரில் மாவட்டம் முழுக்க வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மேகம் கொஞ்சம் தெற்கே தள்ளி நின்றிருந்தால்?

குளம் என்பது தண்ணீரின் அடைப்பு. நம் ராஜாக்கள் காலத்திலேயே இது தண்ணீருக்கு என்று விட்ட இடம். அதைத்தான் சென்ட் கணக்கில் விற்கிறோம். எரிமலைக்காரனைப் பார்த்து "ஏன் அங்கே இருக்கிறாய்" என்று கேட்பதற்கு நமக்கு வாய் இல்லை என்பது இதனால்தான். அவன் மலையின் வழியை விட்டுப் பக்கத்தில் இருக்கிறான். நாம் தண்ணீர் வழியின் நடுவிலேயே வாஸ்து பார்த்து வீடு கட்டுகிறோம்.

இரண்டு மாதம் முன்பு பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் பத்திர நகலோடு வந்தான். "தாத்தா, லோன் ரெடி, இத ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றான். கல்யாணமாகி ஒரு வருடம். பத்திரத்தில் எல்லாம் சுத்தம். நான்கு எல்லையில் ஒரு எல்லைக்கு மட்டும் பழைய பெயர் தங்கியிருந்தது: 'குளத்தங்கரை'. "இங்க குளம் எங்க இருக்கு தாத்தா?" என்று அவன் கேட்டான். நீ வாங்கப்போவது அதைத்தான் மக்களே என்றேன். பிறந்தது முதல் அந்த வழியாகப் போய்வருகிறவன், அவனுக்குத் தெரியவில்லை. குற்றம் அவனுடையது இல்லை. எந்தப் பலகையும் அவனுக்குச் சொல்லவில்லை. தெரிந்த நாமும் சொல்லவில்லை.

அவன் முன்பணத்தில் பாதியை விட்டுவிட்டு விலகிக்கொண்டான். அவனுடைய மாமனாருக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

அதன் பிறகு நாங்கள் ஆறு பேர், எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள், கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். கட்டின வீட்டை இடி என்று கேட்கவில்லை, அது நடக்காது. மூடிப்போன குளங்கள் இருந்த இடங்களில் குளத்தின் பெயரையும், 2021இல் தண்ணீர் நின்ற வருடத்தையும் உயரத்தையும் எழுதி ஒரு கல் நட அனுமதி வேண்டும், அவ்வளவுதான். கல்லும் கொத்துக்கூலியும் மயிலாடியில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அரசுக்கு ஒரு பைசா செலவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். மனை விலை குறைந்துவிடும் என்று இதற்குள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. ரசீது என்னிடம் இருக்கிறது.