ரிப்பன் வரைஞ்சது போதும்!

பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம். நவம்பர் 7 தேசிய புற்றுநோய் விழிப்புணர்வு தினம். இந்த ரெண்டு தேதியும் நெருங்கினா, நம்ம காலேஜ் நோட்டீஸ் போர்டுல ரெண்டு அயிட்டம் நிச்சயம். ஒண்ணு, விழிப்புணர்வு ஓட்டம் (டி-ஷர்ட் ஃப்ரீன்னா கூட்டம் அள்ளும்!). இன்னொண்ணு, பக்கத்து ஸ்கூல் பசங்களுக்கு ஓவியப் போட்டி. அவங்க வரைஞ்ச படத்தைப் பிடிச்சுக்கிட்டு நாம ஓடுவோம். போட்டோ எடுத்து முடிச்சதும் அத்தனை படமும் என்.எஸ்.எஸ். ரூம் பீரோ மேல ரெஸ்ட் எடுக்கப் போயிடும்.

அந்தப் படங்களை ஒருமுறை இறக்கிப் பாருங்களேன். மண்டை ஓடு, சிகரெட்டைச் சுத்தின பாம்பு, கொடுக்கைத் தூக்கின ராட்சச நண்டு, மூலையில ஒரு பிங்க் ரிப்பன். பசங்களைக் குத்தம் சொல்லலை. 'புற்றுநோயின் கொடுமை'ன்னு தலைப்பு கொடுத்தது நாமதானே? ஏழாம் கிளாஸ் பையன் வேற என்னத்தை வரைவான்! லத்தீன்ல கேன்சர்னா நண்டுதான், சரி. ஆனா பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் நண்டுன்னா குழம்பு பாஸ். அதைப் பார்த்து யாரு உஷாராகப் போறாங்க?

விஷயம் சீரியஸ். பயமுறுத்துறதுக்குப் புதுசா படம் தேவையில்லை. பயம் ஏற்கெனவே ஊர் முழுக்க இருக்கு. பேரைக்கூடச் சொல்லாம 'அந்த வியாதி'ன்னு குரலைத் தாழ்த்துறவங்க எத்தனை பேர்! மார்புல கட்டி தெரிஞ்சும், வெளியே தெரிஞ்சா மகளுக்கு வரன் அமையாதேன்னு மறைக்கிற அம்மாக்கள் உண்டு. ஒட்டிக்குமோன்னு டம்ளரைத் தனியா எடுத்து வைக்கிற வீடுகளும் உண்டு. இவங்க முன்னாடி மண்டை ஓட்டைக் காட்டினா என்ன ஆகும்? இன்னும் ஆறு மாசம் தள்ளிப்போடுவாங்க. கேன்சர்ல அந்த ஆறு மாசம்தான் ஆளையே தூக்கிடும்.

ஓட்டம்னா டெர்ரி ஃபாக்ஸ் கதையைச் சொல்லாம இருக்க முடியாது. கனடாக்காரர். 1977-ல, 18 வயசுல, எலும்புப் புற்றுநோய்க்கு வலது காலைக் கொடுத்தவர். வார்டுல கூட இருந்த குழந்தைகள் பட்ட பாட்டைப் பார்த்துட்டு, ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நாட்டையே குறுக்கே ஓடிக் கடக்கிறதுன்னு முடிவு பண்ணினார். 1980 ஏப்ரல் 12-ம் தேதி அட்லாண்டிக் கடல்ல செயற்கைக் காலை நனைச்சுட்டுக் கிளம்பினார். தினமும் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவினதால பசிபிக் கடலைத் தொடாமலே ஓட்டம் நின்னுச்சு. 1981 ஜூன் 28-ல இறந்தப்போ வயசு 22. அதே வருஷம் செப்டம்பர்ல அவர் பேர்ல நடந்த முதல் ஓட்டத்துல 3 லட்சம் பேர் ஓடினாங்க. அப்புறம் உலகம் பூரா பரவி, நம்ம சென்னை ஐ.ஐ.டி. வளாகம் வரைக்கும் வந்தாச்சு.

இதுல எனக்குப் பிடிச்சது ஒரு சின்ன ஸ்டிக்கர். கனடா ஸ்கூல்ல டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்துல பசங்க சட்டையில ஒட்டிக்கிறது. 'நான் இன்னாருக்காக ஓடறேன்'னு எழுத அதுல காலியிடம் விட்டிருக்கும். தாத்தா பேரோ, டீச்சர் பேரோ குழந்தையே எழுதிக்கலாம். பெரியவங்க வாயைத் திறக்கத் தயங்குறதை அந்தப் பொடிசு நெஞ்சுல ஒட்டிக்கிட்டு ரோட்டுல ஓடுது!

அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் மருத்துவமனை இருக்கு. அங்கே 1973-ல, சிகிச்சையில இருந்த குழந்தை வரைஞ்ச படத்தை வாழ்த்து அட்டையா போட ஆரம்பிச்சாங்க. அட்டை வித்த பணம் அந்தக் குழந்தைகளுக்கே போச்சு. பரிதாபமா மொட்டைத் தலையைப் படம் பிடிச்சுக் காட்டிக் காசு கேட்கலை. அவங்க வரைஞ்சதை வித்தாங்க. அதுதான் மரியாதை.

நம்ம ஊருக்கும் இதுல பெருமையான கணக்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட முயற்சியால 1954-ல வெறும் 12 படுக்கையோட தொடங்கினது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1960-லயே குழந்தைகளுக்குன்னு தனி வார்டு. நிதி கேட்டு ஊர் ஊரா கையேந்தி வளர்த்த இடம் அது.

சரி, பசங்க என்ன வரையணும்? நான் நாலு தலைப்பு தர்றேன். ஒண்ணு, ரெண்டு மூணு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண். புகையிலை போடறவங்க கட்டாயம் பார்க்க வேண்டிய படம். ரெண்டு, வலியே இல்லாத மார்புக் கட்டி. வலிக்கலைன்னு விட்டுடக் கூடாது. மூணு, மாதவிலக்கு நின்ன பிறகும் வர்ற ரத்தப்போக்கு. (இதைப் பெரிய கிளாஸ் பொண்ணுங்ககிட்ட கொடுங்க.) நாலு, ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல குழந்தையோட கண்மணி மட்டும் வெள்ளையா மின்னுறது. அது கண் புற்றுநோயா இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா உயிரையும், பல நேரம் பார்வையையும் காப்பாத்தலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூணு வரி போதும். 'இது தொத்தாது.' '30 வயசு தாண்டின பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை இலவசம்.' 'சந்தேகமா? 104-க்கு போன் போடுங்க.' மண்டை ஓட்டுக்கு முதல் பரிசு கிடையாதுன்னு முன்னாடியே அறிவிச்சுடுங்க.

அடுத்து, எங்கே மாட்டறது? ஆடிட்டோரியத்துல வேண்டாம், அங்கே நாமதான் இருப்போம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மீன் ஏலம் போடற கொட்டகை, கடல்பாசி எடுக்கப் போற பெண்கள் கூடுற இடம், டீக்கடை, ரேஷன் கடை. நேரமும் சொல்றேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுக்காரங்க கரையில இருப்பாங்க. ஸ்கூலும் லீவு. காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஓடி முடிச்சுடணும்.

ரூட்டும் ரெடி. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்னு சொல்லுவாங்க. ஒரு கடல்ல காலை நனைச்சுட்டுக் கிளம்பி இன்னொரு கடல்ல போய் நனைச்சா அதுதான் ஓட்டம். டெர்ரியால தொட முடியாத ரெண்டாவது கடலை நம்ம பசங்க சில கிலோமீட்டர்லயே தொட்டுடலாம்.

படங்களை ஏலம் விட்டு வர்ற காசு சின்னதுதான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ராமேஸ்வரத்துலேர்ந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். அடையாறு 500-க்கும் மேல. முதலமைச்சர் காப்பீட்டுல சிகிச்சை கிடைச்சாலும், மாசக்கணக்குல போய்வர டிக்கெட், துணைக்கு வர்றவங்க சாப்பாடு, அந்த நாள் கூலி இதையெல்லாம் யாரு தருவா? பணக்கார நாடுகள்ல கேன்சர் வந்த குழந்தைகள்ல 80 சதவீதத்துக்கும் மேல குணமாகுறாங்க. பல ஏழை நாடுகள்ல 30 சதவீதம்கூட இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. லேட்டா கண்டுபிடிக்கிறதும், பாதியில சிகிச்சையை நிறுத்துறதும் முக்கியமான காரணங்கள். முதல் காரணத்துக்குப் படம், ரெண்டாவதுக்கு ஏலக் காசு. ரசீது கொடுக்குற இடமாப் பார்த்துக் கொடுங்க, அவ்வளவுதான்.

இந்த வருஷம் உங்க என்.எஸ்.எஸ். மீட்டிங்ல 'புற்றுநோயின் கொடுமை'ன்னு தலைப்பு வந்தா, கையைத் தூக்குங்க பாஸ். 'நீ யாருக்காக ஓடறே?'ன்னு மாத்திக் கேட்கச் சொல்லுங்க. பசங்க என்ன வரையறாங்கன்னு அப்போ பாருங்க!