கதவை வெட்டாதீர்கள்

மன்னார்த் தீவில் பழைய கார் வைத்திருப்பவனுக்குப் பகைவர் இருவர். ஒன்று, கடலுப்புக் காற்று. மற்றொன்று, ஒலிபெருக்கி பூட்டுகிறேன் என்று சொல்லிக் கதவை வெட்டுகிற கை. முதலாவதோடு வாழப் பழகிவிட்டோம். இரண்டாவதை நாமே காசு கொடுத்து அழைத்து வருகிறோம்.

சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன், என் காரின் இடப்பக்கக் கதவு ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கியது. கடையொன்றில் காட்டினேன். "ஐயா, கொம்பனி ஸ்பீக்கர் எல்லாம் வெறும் கடதாசி. கழட்டி எறிஞ்சிட்டு முந்நூறு வாட் பூட்டுவம்" என்றார் அங்கிருந்த தம்பி. விளம்பர எண்களை நம்பாதீர்கள் என்று இளம் நிருபர்களுக்கு ஆண்டுக்கணக்கில் உபதேசித்த நான், பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணை நம்பித் தலையாட்டினேன். ஐந்து அங்குலத் துளை ஆறரை அங்குலமாயிற்று. வெட்டிய விளிம்புக்கு வர்ணம் பூசப்படவில்லை. கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் கிழித்து எறியப்பட்டது. மார்கழி மழை ஓய்ந்தபோது வெட்டிய வட்டம் முழுவதும் துரு. உள் அட்டை ஊறி உப்பியிருந்தது. ஒலியோ முன்னிலும் மெலிந்துவிட்டது.

அந்தத் தம்பியை நான் நோகவில்லை. அவரும் நானும் நம்பிய மூன்று பொய்களையே சாடுகிறேன்.

முதற்பொய், வாட் கணக்கு. ஒலிபெருக்கி மின்னாற்றலை உண்டாக்குவதில்லை, வாங்கிக்கொள்வதோடு சரி. காரின் சாதாரண வானொலிப் பெட்டி ஓர் ஒலிபெருக்கிக்குத் தெளிவாகத் தரக்கூடியது ஏறத்தாழ 20 வாட்தான். தனி ஆம்பிளிஃபயர் இல்லாமல் முந்நூறு வாட் ஒலிபெருக்கி பூட்டுவது, மாட்டுவண்டிக்கு விமானச் சில்லுப் பூட்டுவதை ஒக்கும்.

இரண்டாம் பொய், கடதாசி மட்டமானது என்பது. கடதாசிக் கூம்பு இலேசானது, விறைப்பானது. விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளிலும் இன்றுவரை உண்டு. முதலில் கெடுவது பெரும்பாலும் அதன் ஓரத்தைச் சுற்றியுள்ள நுரை வளையம். வெப்பமும் ஈரமும் அதை உதிர்த்துவிடும். வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம்.

மூன்றாம் பொய், பெரிதானால் நன்றாகக் கேட்கும் என்பது. கூம்பின் முன்னால் எழும் ஒலியும் பின்னால் எழும் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பவை. இடையில் கதவு அடைப்பாக நிற்க வேண்டும். சுற்றிலும் இடைவெளி விட்டால் ஆழ்ந்த ஒலி செத்துவிடும். ஒரு பக்கத்து வயர் முனைகள் மாறிப்போனாலும் கதி அதுவே. என் காரில் நடந்தது இதுதான். வயர்களைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேனா பற்றரியின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையில் கணப்பொழுது தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். அப்படிச் சோதித்து முனைகளை அடையாளங்கண்டு வயர்களை மாற்றிப் பூட்டியதும் ஒலி திரும்பியது. கதவு திரும்பவில்லை.

அந்தப் பிளாஸ்டிக் தாள் ஏன் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. யன்னல் கண்ணாடி வழியே மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அடியிலுள்ள துளைகளால் வெளியேறும். அந்நீர் உள்ளே இருப்பவர் பக்கம் வராமல் காப்பது அத்தாள். அதைக் கிழித்து, பச்சைத் தகரத்தை உப்புக் காற்றுக்குத் திறந்துவிட்ட பின் காலநிலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதெல்லாம் பொழுதுபோக்குச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் இந்நாட்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. புதிய கார் எம்மில் பலருக்குக் கனவு. பேசாலைக்காரரை மடுத் திருவிழாவுக்கும், நோயாளியை மதவாச்சி வழியாக அநுராதபுரத்துக்கும் கொண்டுசெல்வது இந்தப் பழைய வண்டிகளே. அவற்றுக்குக் கதவு தேடி அலைந்தவருக்கு அதன் அருமை தெரியும்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூம்பு கிழிந்தால் மாற்றுங்கள். அதே அளவில், 4 ஓம் என்றால் 4 ஓமில், றப்பர் வளையமுள்ளதை வாங்குங்கள். பெரியதுதான் வேண்டுமென்றால் இடையே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்து, பழைய திருகாணித் துளைகளிலேயே பூட்டச் சொல்லுங்கள். கண்ணாடி முழுதும் இறங்குகிறதா என்று பாருங்கள். தாளை மீண்டும் ஒட்டும்வரை காசு கொடுக்காதீர்கள்.

தகரக் கத்தரியைக் கையில் எடுத்தால், சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கரகரக்கும் வானொலியோடு இன்னும் பத்து ஆண்டு ஓடலாம். துருப்பிடித்த கதவோடு ஓட முடியாது.