கீழடிக்கு ஒன்றிய அரசு கொடுத்த ‘விருது’!

வைகைக் கரையில் உறைகிணறு, செங்கல் கட்டுமானம், தமிழி எழுத்துள்ள பானை ஓடு. இதையெல்லாம் வெளியே கொண்டுவந்த அமர்நாத் ராமகிருஷ்ணாவுக்கு வேற நாடா இருந்தா விருது கொடுத்திருப்பாங்க. இங்கே? 2017-ல் அசாமுக்குத் தூக்கியடிச்சாங்க!

அதோட விட்டாங்களா? 2023 ஜனவரியில் அவர் கொடுத்த 982 பக்க அறிக்கையை ரெண்டு வருஷத்துக்கு மேல கிடப்பில் போட்டு, 2025 மே மாதம் ‘திருத்திக் கொடு’ன்னு திருப்பி அனுப்பினாங்க. அவர் கண்டுபிடிப்பை மாற்ற மறுத்தார். ஜூன் மாதமே நொய்டாவுக்கு மாற்றம். (என்ன ஒரு வேகம்! அறிக்கையில காட்டியிருக்கலாம்.)

கீழடியைக் காப்பாத்தினது யாரு? தென்னந்தோப்பைத் தோண்டக் கொடுத்த விவசாயிகள். பொருட்களை மைசூருக்குக் கொண்டுபோகாதேன்னு மதுரைக் கிளையில் வழக்குப் போட்ட ஒரு பெண் வழக்கறிஞர். 2018-ல் இருந்து தோண்டி, கி.மு. 6-ஆம் நூற்றாண்டுன்னு காலம் காட்டிய தமிழ்நாடு தொல்லியல் துறை. 2019-ல் குழியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமா வந்த பள்ளிப் பிள்ளைகள்.

ஒன்றிய அரசே, உங்க பாராட்டுப் பத்திரம் யாருக்கு வேணும்? அந்த 982 பக்கத்தையும் ஒரு வரி குறையாம வெளியிடு!

#கீழடி #அறிக்கையை_வெளியிடு