கதவைச் சாத்திக்கொள்ளும் பேரன்

மாதம் இரண்டு சனிக்கிழமை அப்பாவைப் பார்க்க வேண்டும் என்பது மும்பை குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவு. பேரனுக்கு வயது 15. “நான் வரலை தாத்தா” என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். முதல் தடவை எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பெண்ணைப் பெற்றவன் அல்லவா!

விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கருதலாம் என்று 1890ஆம் வருடத்துக் கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டத்தின் 17ஆவது பிரிவே சொல்கிறது. ஆனால் இது அவன் விருப்பமா, சாப்பிடும்போது நாங்கள் மாப்பிள்ளையை ஏசிய ஏச்சா?

பிள்ளையைத் தரதரவென்று இழுத்துப் போகக் கூடாது. அதற்காக உத்தரவை நாமே ரத்து செய்துவிடலாமா? ரயில்வேயில் உத்தரவுக்குக் கட்டுப்பட்டே பழகியவன் நான். அவன் மறுப்பை நீதிபதியிடமே சொல்வோம். அவர் அவனைத் தனியே அழைத்துக் கேட்கட்டும்.

ஏச்சை நிறுத்திவிட்டோம். சென்ற வாரம் அப்பாவிடமிருந்து வந்த கடிதத்தை அவன் பிரிக்கவில்லை, கிழிக்கவும் இல்லை.