பல் உள்வைப்புக்கு எந்தச் சிமெண்ட்?

இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் உறை (கேப்) பொருத்தும் சிகிச்சை இன்று பெருநகரங்களோடு நின்றுவிடவில்லை. மனிதருக்குப் பயன்படும் மருத்துவச் சாதனங்கள் அனைத்தும் 2020 ஏப்ரல் 1 முதல் ‘மருந்து’ என்ற சட்ட வரையறைக்குள் கொண்டுவரப்பட்டன. உறையை ஒட்டும் சிமெண்டும் அவற்றுள் ஒன்று. எனினும், 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகள் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றையே ஒழுங்குபடுத்துகின்றன. யாருக்கு எந்தச் சிமெண்ட் என்பது மருத்துவரின் முடிவாகவே உள்ளது.

வலிமையான சிமெண்டே சிறந்தது என்னும் எண்ணம் இங்கு முழுமையாகப் பொருந்தாது. இயற்கைப் பல்லின் வேரை ஈற்றின் நார்கள் இறுகப் பற்றியிருக்கும். உள்வைப்பில் அத்தகைய பிணைப்பு இல்லை. ஆகவே, உறையை அழுத்தும்போது பிதுங்கும் சிமெண்ட் ஈற்றுக்கடியில் ஆழமாக இறங்கிவிடலாம். அங்குத் தங்கும் துணுக்கு அழற்சியையும் சீழையும் உண்டாக்கி, நாளடைவில் எலும்பையே கரைக்கக்கூடும். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோய்க்குறி காணப்பட்ட உள்வைப்புகளில் 81 விழுக்காட்டில் எஞ்சிய சிமெண்ட் இருந்தது. அதனை அகற்றிய ஒரு மாதத்தில் பெரும்பாலானவை குணமடைந்தன. ஆய்வு சிறியதே. ஆயினும் அதில் கவனிக்கத்தக்கது காலம்: சிலருக்கு 4 மாதங்களில் தோன்றிய தொல்லை, வேறு சிலருக்கு 9 ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது.

ரெசின் சிமெண்ட் உறுதியாகப் பற்றும். ஆனால், எஞ்சியதைச் சுரண்டி எடுப்பது கடினம். அதன் சில வகைகள் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதுமில்லை. துத்தநாகம் கலந்த சிமெண்டுகள் நன்கு தெரியும். அவற்றுள் தற்காலிக வகை, தேவைப்படும்போது உறையைக் கழற்ற உதவும். உறையைத் தாங்கும் தண்டு குட்டையாக இருப்பின் விரைவில் தளர்ந்துவிடவும் கூடும். ஈற்றுக்கடியில் உறையின் விளிம்பு ஆழமாக அமையுமிடத்தில், சிமெண்டே இன்றித் திருகால் பொருத்துவது இயலுமா என்று முதலில் கேட்பது நலம்.

சென்னையில் சிகிச்சை பெற்று வேங்கிக்காலுக்குத் திரும்புபவருக்குச் சில ஆண்டுகள் கழித்து ஈற்றில் குருதி கசியுமாயின், அவர் நாடுவது பெரும்பாலும் வேறொரு மருத்துவரையே. உள்வைப்பின் நிறுவனம், அளவு, பொருத்திய முறை, சிமெண்டின் பெயர், பொருத்தியபின் எடுத்த எக்ஸ்ரே ஆகியவை கையில் இல்லையெனில், அம்மருத்துவர் ஊகித்தே தொடங்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயும் உள்வைப்பின் பக்கவாட்டையே காட்டும். முன்னும் பின்னும் ஒட்டியிருப்பது அதில் மறைந்துவிடும். எனவே இவ்விவரங்களைச் சிகிச்சை முடியும் நாளிலேயே எழுத்தில் கேட்டுப் பெறுக. நீரிழிவு உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் குருதிக்கசிவைச் சிறிதெனக் கருதிக் காத்திராமல், உடனே பல் மருத்துவரை அணுக வேண்டும்.