உதிரிப்பாகம் யாரிடம் வாங்குவது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

நம் பேராசிரியர்கள் மாணவர்களாக இருந்த நாளில் பேனாவின் நிப்பு தேய்ந்தால் நிப்பை மட்டும் மாற்றினார்கள். சைக்கிள் செயின் அறுந்தால் செயினை மட்டும் வாங்கினார்கள். நிப்பு விற்ற கடைக்காரர், "உங்கள் பேனாவின் வரிசை எண் என்ன? வாங்கிய ரசீது எங்கே?" என்று கேட்டதில்லை. இன்று பேனாவுக்கு நிகராக மாணவன் கையில் வந்து சேர்ந்திருக்கும் மடிக்கணினிக்கு ஒரு நினைவகத் துண்டு வாங்கப் போனால் இத்தனையும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "பாகத்தைக் கையில் தர முடியாது, கணினியை விட்டுச் செல்லுங்கள்" என்கிறார்கள். இது முறைதானா என்பதுதான் நான் இக்கட்டுரையில் எழுப்ப விரும்பும் கேள்வி.

வசதி படைத்தோருக்கு இந்தக் கேள்வி எழாது. கணினி மந்தமானால் அவர்கள் புதியது வாங்கிக்கொள்வார்கள். நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் அப்படியல்லர். என் கையில் இருப்பது, என் அக்கா மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினி. அக்கா அதற்குப் பின் நூற்பாலைக்கு வேலைக்குப் போய்விட்டார். கல்லூரிக்கு வந்தது கணினிதான். எங்கள் வீட்டில் பட்டப்படிப்பை எட்டிப் பார்ப்பவன் நான் ஒருவனே. செய்முறைப் பதிவேடும் கருத்தரங்கக் கட்டுரையும் அந்தக் கணினியில்தான் உருவாக வேண்டும். அது 4 ஜி.பி. நினைவகமும் சுழலும் வன்வட்டும் கொண்டது. திறந்து முகம் காட்டுவதற்குள் ஒரு டம்ளர் தேநீர் குடித்துவிடலாம்.

அதைப் புதுப்பிக்க இரண்டே பாகங்கள் போதும் என்பது இயற்பியல் படித்தவர்க்கு எளிதில் விளங்கும். மடிக்கணினியின் சாதாரண வன்வட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. நொடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடிக்குச் சற்று மேல். வேண்டிய தகவல் முள்ளின் கீழே வந்து சேரும்வரை எவ்வளவு வேகமான மூளையும் கைகட்டிக் காத்திருக்கத்தான் வேண்டும். எஸ்.எஸ்.டி. என்ற திடநிலைச் சேமிப்பகத்தில் சுழல்வது எதுவும் இல்லை. இந்தக் காத்திருப்பு ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. நினைவகம் குறைவாக இருந்தால் கணினி தன் வேலையை அடிக்கடி வட்டில் எழுதி வைத்து மீண்டும் எடுக்கிறது. ஆகவே இரு குறைகளும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. இரண்டையும் மாற்றினால் ஏழாண்டுக் கணினி மேலும் சில ஆண்டுகளுக்கு உழைக்கும். மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை நிறுத்திவிட்டது உண்மையே. அதற்கு லினக்ஸ் இருக்கிறது. அதைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பாகத்தை யாரிடம் வாங்குவது? விடுதியில் இதுபற்றி இரு கட்சிகள் உண்டு. "கம்பெனி ஐட்டம் கம்பெனியிலேயே வாங்கு, அப்புறம் அழாதே" என்பது ஒரு கட்சி. "சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் பாதி விலை" என்பது மறு கட்சி. இரண்டையும் முழுதாக ஏற்க என்னால் இயலவில்லை.

முதல் கட்சியை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினி விற்கும் நிறுவனங்களில் சாம்சங் போன்ற ஓரிரண்டைத் தவிர மற்றவை நினைவகச் சில்லுகளைத் தயாரிப்பதில்லை. உலகின் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்வோர் மூவர்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். கணினி நிறுவனம் இவர்களிடம் மொத்தமாக வாங்கித் தன் பெயரும் பாக எண்ணும் கொண்ட சீட்டை ஒட்டுகிறது. அந்தச் சீட்டுக்குத்தான் நாம் கூடுதல் விலை தருகிறோம். இதில் அளவுகளும் உலகப் பொதுவானவை. ஜெடெக் என்னும் தர அமைப்பு வகுத்தபடி, மடிக்கணினிக்கான டி.டி.ஆர்.3 துண்டுக்கு 204 ஊசிகள், டி.டி.ஆர்.4க்கு 260, டி.டி.ஆர்.5க்கு 262. ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று பொருந்தாதபடி வெட்டும் இடம் மாற்றியிருக்கிறார்கள். எந்தத் தலைமுறை என்று தெரிந்துகொண்டால் எவர் செய்த துண்டையும் பொருத்தலாம். ஒருமுறை ஒரு நிறுவனத்தின் சேவை மையத்தில் 4 ஜி.பி. துண்டு ஒன்றுக்கு விலை கேட்டேன். கடை விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னார்கள்; பொருத்தும் கூலி தனி. இரண்டு திருகாணி கழற்றி ஒரு துண்டைச் செருகும் வேலைக்கு என் தந்தையின் ஒரு நாள் தறிக்கூலியைவிட அதிகம் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படியானால் மறு கட்சி வென்றதா? இல்லை. மின்கலம் என்னும் பேட்டரியும் சார்ஜரும் வேறு இனம். லித்தியம் மின்கலம் எளிதில் தீப்பற்றக்கூடியது. தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயான் மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரல் 1 முதல் உலகெங்கும் தடை செய்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் "ஒரிஜினல் மாதிரி" என்று கடைக்காரர் சொல்லும் சொல்லில், "மாதிரி" என்பதுதான் உண்மை. இதற்கு நான் நிறுவனத்திடமே போகச் சொல்வேன், விலை கூடினாலும் சரி. நம் நாட்டில் மின்கலமும் சார்ஜரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் கட்டாயம் பதிவு பெற வேண்டியவை. மின்கலத்துக்கு ஐ.எஸ். 16046 என்ற தரம். பொருளின் மீது 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் அது யாருக்கு வழங்கப்பட்டது என்று காட்டிவிடும். எண் இல்லாத சார்ஜரைத் தலைமாட்டில் சொருகித் தூங்கும் நண்பர்கள் விடுதியில் நிறையவே உண்டு.

கீல், விசைப்பலகை, மேல்மூடி போன்றவை மூன்றாம் இனம். இவற்றுக்குப் பொதுத் தரம் கிடையாது. அந்த மாதிரிக் கணினிக்கு அந்தக் கீல்தான் பொருந்தும். அசலைச் செய்விப்பவர் ஒருவர். அவர் கொடுக்காவிட்டால் பழைய கணினியின் சடலத்திலிருந்து பிடுங்கியதைத்தான் சந்தையில் தேட வேண்டும். நிறுவனத்திடம் நேராக வாங்கும் உரிமை மிகவும் தேவைப்படுவது இங்கேதான். விந்தை என்னவென்றால், எங்கும் கிடைக்கும் நினைவகத்தை நிறுவனங்கள் ஆவலோடு விற்கின்றன; எங்கும் கிடைக்காத கீலுக்குப் போனால் "ஸ்டாக் இல்லை" என்று கையை விரிக்கின்றன.

எங்கள் ஊரில் விசைத்தறிகள் அதிகம். என் தந்தை ஓட்டும் தறிக்கு என்னைவிட வயது அதிகம். நாடா தேய்ந்தால் நாடா, பிக்கர் கிழிந்தால் பிக்கர், கடைவீதியில் கிடைக்கும். தறி செய்த பட்டறை இன்று இருக்கிறதா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது; தெரியத் தேவையும் இல்லை. எந்தப் பாகத்தையும் யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம், யாரும் மாட்டலாம் என்ற ஏற்பாட்டினால்தான் எங்களைப் போன்ற வீடுகளில் அடுப்பு எரிகிறது. மின்னணுப் பொருள் அவ்வளவு எளிதல்ல என்று கணினித் துறை நண்பர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீல் எப்போது மின்னணுப் பொருளாயிற்று?

நிறுவனங்களை ஒரேயடியாகப் பழிப்பதும் நியாயமாகாது. லெனோவோ தன் திங்க்பேட் கணினிகளுக்கும், எச்.பி. தன் கணினிகள் பலவற்றுக்கும் பழுதுபார்ப்புக் கையேட்டை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுகின்றன. எந்தத் திருகாணியை முதலில் கழற்றுவது, மாற்றக்கூடிய பாகத்தின் எண் என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. டெல் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் சேவை எண்ணைக் கொடுத்தால், தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதனுள் என்னென்ன இருந்தன என்ற பட்டியலே கிடைக்கும். உதிரிப்பாகம் வாங்கப் புறப்படும் எவரும் யாரிடம் வாங்குவது என்று யோசிக்குமுன் இந்தக் கையேட்டைப் படிக்க வேண்டும். நினைவகத்துக்கு ஒரு பள்ளமா, இரண்டா? சேமிப்பகம் 2.5 அங்குலப் பெட்டியா, எம்.2 என்னும் பட்டைத் துண்டா? எம்.2 என்றால் சாட்டா வகையா, என்.வி.எம்.இ. வகையா? இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். பாக எண் கையில் இருந்தால் சேவை மையத்திலும் ஏமாற மாட்டோம், ரிச்சி தெருவிலும் ஏமாற மாட்டோம். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது என்று தயங்குவோர் உண்டு. படங்கள் தமிழிலும் புரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வந்துகொண்டிருக்கிறது. நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்தே விற்கும் வழக்கம் அது. ஆப்பிள் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ரெட்டினா திரை மேக்புக் ப்ரோவில் நினைவகம் பற்றவைக்கப்பட்டது. 2020இல் எம்1 வந்தபோது நினைவகம் மூளைச் சில்லின் உறைக்குள்ளேயே போய்விட்டது. பிறகு கூட்ட வழியில்லை. முதல் நாளே கூட்டி வாங்க வேண்டும். அந்த ஆண்டின் மேக்புக் ஏரில் 8 ஜி.பி.யை 16 ஆக்க அமெரிக்காவில் 200 டாலர் கேட்டார்கள். தயாரிப்பாளரிடம் நேரே வாங்குவது என்பதன் கடைசி எல்லை இது: வேறு எவரிடமும் வாங்கவே முடியாத நிலை. மின்சாரம் குறைவாகச் செலவாகும், கணினி மெலிதாக இருக்கும், வேகம் கூடும் என்று காரணம் சொல்கிறார்கள். பொய்யில்லை. மெலிந்த கணினியைக் கேட்டது யார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இதற்கு நேர்மாறாக, பிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2021இல் தன் முதல் மடிக்கணினியை விற்கத் தொடங்கியது. தாய்ப்பலகை முதல் கீல் வரை ஒவ்வொன்றையும் தனித்தனியே விலை போட்டு விற்கிறது. செய்ய முடியாத காரியமல்ல என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டம், "எங்கள் பாகத்தை மாட்டினால்தான் உத்தரவாதம்" என்று பொதுவாக நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு ஏழாண்டுகள் பாகங்களும் கையேடும் கிடைக்கச் செய்ய வேண்டும். நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாக விற்காதது குற்றம் என்றது. வெளியில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் முற்றிலும் ரத்து என்ற நிபந்தனையும் கூடாது என்றது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது வேறு கதை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளம் திறந்தது. காருக்குப் பொருந்தும் நியாயம் கணினிக்கும் பொருந்தாதா? கார் வாங்குவோரைவிடக் கணினியை நம்பியிருக்கும் ஏழை மாணவர்களின் தொகை குறைவா?

சந்தையை மட்டும் நம்பியும் இருக்க முடியாது என்பதை அண்மைய நிகழ்ச்சி காட்டிவிட்டது. சில்லறை வாங்குவோருக்காக மைக்ரான் நடத்திவந்த குரூசியல் வணிகத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு அனுப்புவோம் என்றது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். சில மாதங்களில் நினைவக விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. தீபாவளிக்கு வாங்கலாம் என்று உண்டியலில் போட்டு வைத்தவர்கள் பொங்கலுக்குக் கடையில் விலை கேட்டுத் திகைத்தார்கள். சில்லைச் செய்பவரே நம் பக்கம் திரும்பிப் பார்க்காத காலத்தில், 4 ஜி.பி. துண்டு வேண்டும் என்று தனியாக நிற்கும் மாணவனின் குரல் யார் காதில் விழும்?

ஆனால் மொத்தமாக வாங்குபவரின் குரல் விழும். தமிழ்நாட்டில் அந்த மொத்த வாங்குநர் அரசுதான். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது முதல் எல்காட் நிறுவனத்தின் வழியே இலட்சக்கணக்கான கணினிகள் வாங்கப்பட்டன. இவ்வளவு பெரிய கொள்முதலில் விற்பவர் எந்த நிபந்தனைக்கும் இறங்கி வருவார். அரசு எப்போது ஒப்பந்தப்புள்ளி கோரினாலும் மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும். நினைவகமும் சேமிப்பகமும் பள்ளத்தில் மாட்டுபவையாக இருக்க வேண்டும். மின்கலம், சார்ஜர், கீல், விசைப்பலகை ஆகியவை வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு, அறிவித்த விலையில், மாணவர் கையிலேயே விற்கப்பட வேண்டும். பழுதுபார்ப்புக் கையேடு தமிழில் வேண்டும். இதனால் அரசுக்குப் பெரிதாகச் செலவாகாது. ஒரு மாணவருக்குக் கொடுத்த கணினி அவருடைய தம்பிக்கும் தங்கைக்கும் உதவும்.

நம் கல்லூரியளவில் இதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. கணினி ஆய்வகத்துக்கு அடுத்த முறை கணினி வாங்கும்போது இதே வரிகளை நம் கொள்முதல் குழு எழுதிக் கேட்கலாம். கழித்துக் கட்டிய கணினிகள் ஆய்வகத்தின் பின்னறையில் தூசி படிந்து கிடக்கின்றன. விதிகள் அனுமதிக்குமானால், மாதம் ஒரு சனிக்கிழமை அவற்றில் இரண்டை எங்களிடம் கொடுங்கள். திருகுளி நாங்கள் கொண்டு வருகிறோம். கையேட்டை வைத்துக்கொண்டு எங்கள் அருகில் நிற்க ஒரு விரிவுரையாளர் வேண்டும்.