டிஷ்ஷுக்கு மாதம் எத்தனை பேர்?

போன மாதச் சம்பளச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். செக்ரோலில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது, அதில் அரைப்பேர் எத்தனை என்று முதலில் பாருங்கள். பிறகு டிஷ் டீவிக்குப் போன மாதம் கடையில் கட்டிய காசை நினைத்துப் பாருங்கள். அது எத்தனை பேருக்குச் சமம்?

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நமது நாட்சம்பளம் 1350 ரூபாவிலிருந்து 1550 ஆகவும், அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1750 ஆகவும் அறிவிக்கப்பட்டது. அந்த 1550இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 124 ரூபா, நம் கைக்கு வருமுன்பே போய்விடும். மிச்சம் 1426. தீபாவளி முற்பணம், கடைக்கடன், வாராந்தக் கடன்காரர், பிள்ளையின் வகுப்புக் காசு எல்லாம் அதிலிருந்துதான். எங்கள் பகுதியில் நாங்கள் விசாரித்த வீடுகளில் டிஷ்ஷுக்கு மாதம் ஒன்றரைப் பேர், சில வீட்டில் இரண்டு பேர் என்று போகிறது. மாதம் இருபத்தைந்து பேர் விழுந்தால் அது பெரிதாகத் தெரியாது. பனியில் கொழுந்து கருகி, பதினைந்து பேர் கூட விழாத மாதத்திலும் அந்தக் காசு குறைவதில்லை என்பதுதான் விஷயம்.

இதைச் சொன்னவுடன், டீவியே வேண்டாம் என்று சொல்ல வருகிறோம் என நினைக்க வேண்டாம். அப்படிச் சொல்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். “கூரையைப் பார்த்தால் வரிசையாக டிஷ், வாயைத் திறந்தால் சம்பளம் போதாது” என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். டவுனில் கேட்டிருக்கிறோம். நம் லயத்தில் பிறந்து, படித்து, வெளியே போன பிள்ளைகளே சொல்லவும் கேட்டிருக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஆறு பேர் இருக்கும் குடும்பத்துக்கு, கடைசி பஸ் போனபின் வெளியுலகம் என்று இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான். நாற்பது வருடம் மலை ஏறி இறங்கிய ஓர் ஆயா, ஓய்வுபெற்று இஸ்தோப்பில் உட்கார்ந்து, மாலையில் ஒரு நாடகம் பார்ப்பதை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பார்ப்பதில் தவறில்லை. கொடுக்கும் விலையைத்தான் பேச வேண்டும்.

டீவி நம் தோட்டங்களுக்கு வந்த விதத்தை ஞாபகப்படுத்துவது நல்லது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் யப்பான் அரசாங்கத்தின் உதவியோடு தொடங்கியது. அதன் ஒலிபரப்புக் கோபுரம் நமது தலைக்கு மேலேயே, பீதுருதலாகலை உச்சியில் நின்றது. கோபுரம் நம் மலையில் இருந்தும் லயத்தில் கரண்ட் இல்லை. டவுனில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த வாகன பேட்டரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடியது. தமிழ்ப் படம் போடும் நாளில் ஒரு காம்பிராவில் லயமே இருக்கும். ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்த பிள்ளைகளில் நாங்களும் அடக்கம். படம் முடிவதற்குள் பேட்டரி இறங்கிப் படம் சுருங்கிக்கொண்டே வரும். கதையின் முடிவைத் தெரியாமலே வளர்ந்தோம். ஆனால் அன்று அதற்கு மாதக் கட்டணம் என்று ஒன்று இல்லை. ஒரு முறை அன்டெனா வாங்கினால் முடிந்தது.

கரண்ட் வந்தது, கலர் பெட்டி வந்தது, பின்னாலேயே டிஷ்ஷும் வந்தது. இப்போது லயங்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, இந்நாட்டில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் இணைப்பு. மற்றது, இந்தியாவிலிருந்து வந்த பெட்டி. இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

அந்தப் பெட்டியை விற்கும் இந்திய நிறுவனங்கள் இந்தியாவுக்குள் சேவை செய்யத்தான் அனுமதி பெற்றவை. செய்மதி அலை எல்லைக்கோடு பார்ப்பதில்லை என்பதால் இங்கேயும் படம் விழுகிறது, அவ்வளவுதான். உங்கள் பெட்டி இந்தியாவில் யாரோ ஒருவரின் பெயரிலும் முகவரியிலும் பதிவாகியிருக்கும். நீங்கள் கடையில் கட்டும் காசு, கடைக்காரர் வழியாக இன்னொருவருக்குப் போய், அவர் அங்கே கட்ட வேண்டும். இடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அதற்கு மேல் நாணய மாற்று. 2022 தொடக்கத்தில் ஒரு இந்திய ரூபாவுக்கு நமது மூன்று ரூபாவுக்கும் குறைவாகவே கொடுத்தோம்; அந்த ஆண்டு நடுப்பகுதியில் அது நாலரை ரூபாவைத் தொட்டது. சென்னையில் விலை கூடவில்லை, மஸ்கெலியாவில் கூடியது. ஒரு நாள் பெட்டி திடீரென்று நின்றுவிட்டால் முறைப்பாடு செய்ய ஓர் இலக்கம் கூடக் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முழுத் தொகையையும் தவணையில் கட்டி வாங்கிய பெட்டி, மூன்றாம் மாதம் நின்றது. விற்றவர் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். தவணை மட்டும் நிற்கவில்லை.

சரி, மாற்று என்ன?

முதலாவது, நாம் மறந்துபோன அன்டெனா. ரூபவாஹினி, அதன் நேத்ரா, ஐ.டி.என்., வசந்தம், சக்தி ஆகியவை இன்றும் மாதக் கட்டணம் இல்லாமல் காற்றில் வருகின்றன. இதில் வசந்தமும் சக்தியும் முழுக்கத் தமிழ். “எங்கள் லயத்தில் புள்ளிபுள்ளியாகத்தான் வரும்” என்பீர்கள். உண்மைதான், பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு, நடுவே ஒரு மலை நின்றால், அலை வராது. ஆனால் அதே லயத்துக்கு மேலே ஐம்பது யார் ஏறினால் வரும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அன்டெனா கூரைக்குத்தான் சொந்தம் என்று யார் சொன்னது? பன்னிரண்டு காம்பிரா லயம் ஒன்று சேர்ந்து, மேட்டில் ஒரே ஒரு இரும்புக் குழாய் நட்டு, நல்ல அன்டெனா ஒன்றும், சமிக்ஞையைக் கூட்டும் பூஸ்டர் ஒன்றும் போட்டு, வயரைக் கீழே இறக்கி வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்ளலாம். செலவைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று கடையில் விலை கேட்டுக் கணக்குப் போடுங்கள். அதோடு முடிந்தது, அடுத்த மாதம் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். டிஷ் பெட்டி ஒன்றைப் பிரித்தால் எல்லா வீட்டிலும் ஒரே படம்தான் ஓடும், ரிமோட் யாரிடம் என்று லயமே இரண்டாகும். நிறுவனமும் அதை அனுமதிக்காது. அன்டெனாவில் அந்தச் சண்டை இல்லை. ஒவ்வொரு வீடும் தனக்கு வேண்டியதைப் பார்க்கலாம்.

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் இருப்பவர்களுக்குப் பீதுருதலாகலை வடகிழக்கில் இருக்கிறது. எல்லா அலைவரிசையும் அங்கிருந்துதான் வருகிறது என்று இல்லை. பக்கத்து லயத்தில் தெளிவாக வரும் அன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தால் போதும். கம்பிகள் நீளமாக உள்ள அன்டெனாவும் குட்டையாக உள்ள அன்டெனாவும் வேறு வேறு அலைகளுக்கானவை, ஆகவே இரண்டும் தேவைப்படலாம். குழாயைக் கரண்ட் வயருக்கு அருகில் நட வேண்டாம். நிலத்துக்கு எர்த் வயர் கட்டாயம் இறக்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்தில் நம் மலையில் இடி எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடி முழங்கும்போது வயரைக் கழற்றி வையுங்கள். குழாய் நடும் இடம் தோட்ட நிலமாக இருந்தால் முதலில் தலைவர் மூலம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

“இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் டிஜிட்டல் ஆகிவிடும், அன்டெனா வேலை செய்யாது” என்று சொல்லிப் புதுப் பெட்டி விற்பவர்களும் வருவார்கள். இலங்கை 2014இல் யப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. அந்த மாற்றம் பல தடவை தள்ளிப் போயிற்று. பழைய டீவியை அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

இரண்டாவது, இந்திய அரசின் டீடீ ஃப்ரீ டிஷ். 2004இல் தொடங்கியது. மாதக் கட்டணம் இல்லை. தட்டும் பெட்டியும் வாங்கினால் சரி. ஆனால் இதை விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அதில் வருவதில் பெரும்பகுதி ஹிந்தி. முன்பு பொதிகை என்றிருந்த டீடீ தமிழ் வரும். நம் வீடுகளில் பார்க்கும் சன், விஜய், ஜீ தமிழ் நாடகங்கள் வராது. அவை கட்டண அலைவரிசைகள். “எல்லாம் இலவசமாக வரும்” என்று ஒருவர் சொன்னால், கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தொலைபேசி. யூடியூப்பில் நாடகம் இலவசம் என்பார்கள். டேட்டா இலவசமா? 2024 சனவரியிலிருந்து 18 வீத வற் வரி வேறு. கொரோனாக் காலத்தில் நம் பிள்ளைகள் பாடம் படிக்கச் சமிக்ஞை தேடி மலை உச்சிக்கு ஏறினார்கள். எங்கள் மாணவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து பயிற்சிகளைப் படம் எடுத்து அனுப்பினார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீட்டில், அந்த டேட்டாவை இரவு நாடகம் தின்றுவிட்டால் காலையில் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. டிஷ்ஷை விட்டுப் போனுக்குப் போவதை மலிவு என்று நாங்கள் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதே பிரச்சினை வந்தபோது என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம். அங்கே கேபிள் தொழில் ஒரு சிலர் கையில் இருந்தது. 2007இல் அரசு கேபிள் டீவி நிறுவனம் தொடங்கப்பட்டுப் பிறகு தூங்கிப்போய், 2011 செப்டெம்பரில் மீண்டும் எழுந்தது. மாதம் 70 இந்திய ரூபாவுக்குத் தொண்ணூறு அலைவரிசைகள். தெருவுக்குத் தெரு இருந்த சிறிய கேபிள்காரர்களைச் சேர்த்து, அரசு ஒரே கையாக நின்று பேசியதால் அந்த விலை வந்தது. தொடக்கத்தில் சன் அலைவரிசைகள் அதில் இல்லை, மக்கள் முணுமுணுத்தார்கள். பின்னாளில் டிஜிட்டல் ஆனபோது கட்டணமும் ஏறியது. குறையில்லாத திட்டம் என்று சொல்ல மாட்டோம். நம் மலைகளில் லயங்கள் சிதறிக் கிடப்பதால் கேபிள் இழுப்பதும் நடக்காத காரியம். ஆனால் ஆளுக்கு ஆள் தனியாகக் கடைக்குப் போனால் ஒரு விலை, ஆயிரம் வீடு ஒன்றாகப் போனால் இன்னொரு விலை என்பது தொழிற்சங்கத்தில் இருக்கும் நமக்குப் புதிதல்ல. உரிமம் பெற்ற உள்ளூர் நிறுவனங்களிடம், கொழுந்து குறைந்த மாதங்களில் நிறுத்தி வைத்துத் திரும்ப எடுக்கக்கூடிய, தமிழ் அலைவரிசைகள் மட்டும் கொண்ட ஒரு மலிவுப் பொதியைச் சங்கம் ஏன் கேட்கக் கூடாது? பாவிக்காத ஹிந்தி, ஆங்கில அலைவரிசைகளுக்கு நாம் ஏன் கட்ட வேண்டும்?

காசைவிட எங்களை அதிகம் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. டிஷ் வந்தபின் பல வீடுகளில் அன்டெனாவைக் கழற்றிவிட்டார்கள். அந்தக் கம்பி இப்போது தோட்டத்துப் பந்தலில் அவரைக்கொடியைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் மழை என்றால் நம் லயத்துக்குத் தெரிகிறது. நம் மலைக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டால் தெரிவதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மேலே நின்று கொட்டிய நாட்களில், தமிழ்நாட்டு அலைவரிசைகள் அது சென்னையை எப்போது நெருங்கும் என்று பேசிக்கொண்டிருந்தன. அது அவர்கள் மக்களுக்கான செய்தி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்கான செய்தி இங்கிருந்துதான் வர வேண்டும். பிறகு கரண்டும் போயிற்று, பல இடங்களில் போனும் போயிற்று. அப்போது வேலை செய்தது, பேட்டரி போட்ட பழைய ரேடியோதான். ஒரு லயத்துக்கு இரண்டு ரேடியோவாவது இருக்க வேண்டும் என்று அன்று முதல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மண்சரிவு எச்சரிக்கையைத் தமிழிலும் உடனுக்குடன் சொல்ல வேண்டும் என்று உள்ளூர் அலைவரிசைகளைக் கேட்பதற்கு, முதலில் நாம் அவற்றைப் பார்க்கிறவர்களாக இருக்க வேண்டுமே.

ஆகவே இப்போதைக்கு எங்கள் யோசனை இது. இருக்கும் டிஷ்ஷைக் கழற்றச் சொல்லவில்லை. புதிதாகத் தவணைக்கு எடுக்க நினைப்பவர்கள், கையெழுத்து வைப்பதற்கு முன் தலைவரிடமோ எங்களிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். பெட்டி யார் பெயரில் இருக்கிறது, நின்றால் யார் பொறுப்பு என்று கடைக்காரரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வாங்க வேண்டாம். எங்கள் பாடசாலைக்கு எதிரே உள்ள லயத்தில் ஒரு பொது அன்டெனா போட்டுப் பார்க்க நான்கு குடும்பங்கள் சம்மதித்திருக்கின்றன. ஐந்தாம் வீட்டு ஆயா மட்டும், தன் நாடகம் அதில் வருமா என்று கேட்டார். வராது என்றோம். “அப்படியென்றால் அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். மருமகனிடம் பேசுகிறேன்” என்றார்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, ரீசார்ஜ் செய்த துண்டுகள் வீட்டில் இருந்தால் எடுத்துவாருங்கள். எந்தக் கடையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒரே தாளில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டுவோம்.